கிராஸில் வெட்டிய ரவிக்கை

1

போன வாரம் ஊரிலிருந்து அண்ணன் மனைவியின் கடிதம் வந்தது. மதினி எப்போதும் நாலே வரியில் முடித்துவிடுவாள். இந்தத் தடவை ஐந்தாவதாக ஒரு வரி இருந்தது. "போட்டோ கிடைத்தது, வனஜா நன்றாக வளர்ந்துவிட்டாள். உன் ரவிக்கையில் மட்டும் கைக்கு வேறு துணி வைத்திருக்கிறது. அதிலும் கோடெல்லாம் கோணலாக ஓடுகிறதே, பம்பாயில் நல்ல தையல்காரர் கிடைக்கவில்லையா?"

இங்கே இப்போது இதுதான் நாகரிகம் என்று ஒரு கார்டில் பதில் எழுதி, சயான் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் பெட்டியில் போட்டுவிட்டேன். போட்ட பிறகு மனசு கேட்கவில்லை. எழுதியது பொய். அந்தக் கோடுகள் கோணலாக ஓடுவதற்கு நாகரிகம் காரணம் இல்லை.

நான் பம்பாய்க்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. வீடு தாராவியில், ஒற்றை அறை. என் வீட்டுக்காரர் சங்கரன் குர்லாவில் ஒரு ஒர்க்ஷாப்பில் லேத் ஓட்டுகிறார். நான் கோட்டைப் பக்கம் ஒரு வியாபாரக் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். மகள் வனஜாவுக்கு ஒன்பது முடியப்போகிறது. ஸ்டவ் வெடித்து என் வலது கையில் தீ பட்டது ஊரில் எல்லோருக்கும் தெரியும். "ஆறிவிட்டது, கவலைப்பட வேண்டாம்" என்று எழுதியிருந்தேன். ஆறிய பிறகு என்ன நடந்தது என்று யாருக்கும் எழுதவில்லை. மதினிக்கு நான் கடன்பட்டிருக்கும் பதில் இதுதான்.

2

தீக்காயம் ஆறும்போது தோல் சுருங்கும். இது எனக்குத் தெரியாது. முழங்கைக்கு மேலிருந்து அக்குள் வரைக்கும் புதுத்தோல் வந்தது. ஆனால் அது பழைய தோலின் அளவுக்கு வரவில்லை. இறுக்கிக் கட்டிய கயிறு போல உள்ளே இழுத்துக்கொண்டு நின்றது. ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது என்னால் கையைத் தோள்மட்டத்துக்கு மேல் தூக்க முடியவில்லை.

விரல்களால் சுவரைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறச் சொல்லியிருந்தார் டாக்டர். தினமும் காலையில் குழாயில் தண்ணீர் பிடித்து வைத்த கையோடு சுவர்ப்பக்கம் போய் நிற்பேன். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. சில நாள் முந்தின நாள் கோட்டுக்குக் கீழேதான் நிற்கும். நாலு மாதத்தில் கோடுகள் என் தலைக்கு மேல் ஒரு சாண் போயின. அதற்கு அர்த்தம், என் வேலை எனக்குத் திரும்பக் கிடைக்கலாம் என்பது.

டெலிபோன் பலகையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஆள் உயரத்துக்கு ஒரு மரப்பலகை. அதில் வரிசை வரிசையாகத் துளைகள், ஒவ்வொரு துளைக்கும் மேலே பட்டாணி அளவில் ஒரு விளக்கு. விளக்கு எரிந்தால் யாரோ கூப்பிடுகிறார்கள். கீழே இருந்து கம்பியை உருவி, அதன் முனையை அந்தத் துளையில் செருக வேண்டும். வெளியூர் அழைப்புகள் மேல்வரிசையில் வரும். உட்கார்ந்தபடி கையை நன்றாக நீட்டினால்தான் எட்டும். இடது கையால் செருகலாமே என்று கேட்பீர்கள். இடது கை கீழே பேச்சை இணைக்கும் சாவிக் குமிழ்களின் மேல் இருக்க வேண்டும். அது நகர்ந்தால் பேசிக்கொண்டிருப்பவர்களின் பேச்சு அறுந்துபோகும்.

வீட்டில் ரவிக்கை இல்லாமல், ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றால் என் கை மேலே போனது. ரவிக்கை போட்டால் போகவில்லை. கையைத் தூக்கியதும் அக்குள் தையல் புதுத்தோலில் போய் உட்காரும், தோல் வெடிக்கும். கையில்லாத ரவிக்கை போட்டுப் பார்த்தேன். அதன் ஓரம் தழும்பின் விளிம்பிலேயே அறுத்தது. தொளதொளவென்று பெரிய கை வைத்துத் தைத்துப் பார்த்தேன். வேலைக்குத் திரும்பலாமா என்று பார்க்க ஒருநாள் பலகையில் உட்கார்ந்தபோது அந்தத் தொங்கல் கம்பிகளில் மாட்டி, கணக்குப் பிரிவின் அழைப்பு பாதியில் அறுந்தது. சூப்பரிண்டெண்ட் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

3

சூப்பரிண்டெண்ட் விஸ்வநாதன் மாட்டுங்காக்காரர். அப்பா காலத்திலிருந்தே பம்பாய். எங்கள் ஆபீசில் தமிழ் பேசத் தெரிந்தவர்கள் அவரும் நானும்தான். ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் என்னிடம் ஒரு வார்த்தை தமிழில் பேசியதில்லை. எல்லாம் இங்கிலீஷ்தான், அதுவும் "மிசஸ் சங்கரன்" என்று தொடங்கும் இங்கிலீஷ்.

அந்த மாதங்களில் பம்பாயில் தெற்கத்திக்காரர்களைப் பற்றிய பேச்சு ஒரு தினுசாக இருந்தது. ஆபீஸ் வேலையெல்லாம் மதராசிகள் பிடித்துக்கொள்கிறார்கள் என்று ரயிலில் பேசுவார்கள், காது கேட்கவே பேசுவார்கள். எங்கள் சந்தில் இரண்டு கடைக்காரர்கள் தமிழில் எழுதிய பலகையைக் கழற்றி உள்ளே வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர், "ட்ரெய்ன்ல யாரு கேட்டாலும் வாயத் தொறக்காத" என்று தினமும் சொல்லி அனுப்புவார். டெலிபோனில் வாயைத் திறந்து பேசுவதுதான் என் வேலை.

ஆஸ்பத்திரிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு சூப்பரிண்டெண்டைப் பார்க்கப் போனேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"மிசஸ் சங்கரன், இது மார்கரெட் என்கிற பெண்ணின் சான்றிதழ்" என்றார் இங்கிலீஷில்.

மரகதம் என்ற என் பெயர் ஆஸ்பத்திரியில் மார்கரெட் ஆகியிருந்தது. நாற்பது நாளும் நர்சுகள் என்னை மார்கரெட் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர்கள் நாக்குக்கு வரவில்லை, பாவம் என்று நானும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது காகிதத்திலும் ஏறியிருக்கும் என்று நினைக்கவில்லை. திருத்தி வாங்க மூன்று தடவை போனேன். முதல் தடவை குமாஸ்தா இல்லை. இரண்டாவது தடவை இருந்தார். "மார்கரெட், மர்கத், ஏக்ஹீ பாத் ஹை", எல்லாம் ஒன்றுதானே என்று சிரித்தார். மூன்றாவது தடவை, என் பெயரை நானே சொல்லிப் பிரமாணம் செய்த முத்திரைக் காகிதத்தோடு போனபோது, மார்கரெட்டை அடித்துவிட்டு மேலே மரகதம் என்று எழுதி முத்திரை குத்தினார். அதிலும் ஒரு எழுத்து குறைந்தது. அப்படியே வாங்கிக்கொண்டு வந்தேன்.

சூப்பரிண்டெண்ட் அந்தக் காகிதத்தை எடுத்துக் கோப்பில் வைத்தார். பிறகு, இது போதாது என்றார். மூன்று வாரம் கழித்துத் திங்கட்கிழமை நான் பலகையில் உட்கார வேண்டும். மானேஜரும் கம்பெனி டாக்டரும் பார்ப்பார்கள். இருபது நிமிஷத்தில் நாற்பது அழைப்புகள், அதில் பாதி மேல்வரிசை. முடியவில்லை என்றால் வேலை இல்லை.

4

என்னோடு பலகையில் உட்காருகிற லீனா கோவாக்காரி, பாந்திராவில் வீடு. அன்று அவள் முன்னால்தான் அழுதேன். அவள் பேசிக்கொண்டே எம்பி மேல்வரிசையில் செருகினாள். அவளுடைய கவுனில் எங்கேயும் ஒரு இழுப்பு இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. கை மேலே போனால் துணியும் கூடவே போனது, கீழே வந்தால் கூடவே வந்தது.

"உனக்கு மட்டும் எப்படி இவ்வளவு லேசா வருது, எனக்கு ஏன் இப்படி?" என்று இங்கிலீஷில் கேட்டேன்.

அதற்குள் ஒரு விளக்கு எரிந்தது. அவள் அதைக் கவனித்தபடியே, "பையஸ், மரகதம். எல்லாம் பையஸ்தான்" என்றாள்.

எனக்குத் தெரிந்த பையஸ் ஒன்றுதான். எஸ்.எஸ்.எல்.சி. பாடப்புத்தகத்தில் பட்சபாதம் என்று அர்த்தம் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். கூடவே வேலை பார்க்கிற லீனாவே சொல்கிறாள், இந்த ஆபீசில் பட்சபாதம் நடக்கிறது என்று.

வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்ததும் சொன்னேன். அவர் கையில் ஒட்டியிருந்த எண்ணெயைக்கூடக் கழுவவில்லை.

"யாரு சொன்னது? லீனாவா?"

"அவளேதான். எல்லாம் பட்சபாதம்னு சொல்லுதா."

"அப்ப எழுதிக் குடு. மானேஜருக்கு நேரா எழுது. அந்த சூப்பரிண்டெண்டு நம்மாளுதான, நம்மாளுக்கே இப்படிப் பண்ணுதானே. எழுது, நாளைக்கு நானும் வாரேன்."

இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதினேன். சூப்பரிண்டெண்ட் என்னிடம் பட்சபாதமாக நடக்கிறார், உடன் பணிபுரிபவரே இதற்குச் சாட்சி. வீட்டுக்காரரை வர வேண்டாம் என்று தடுத்துவிட்டு, மறுநாள் காலையில் லீனாவிடம் கையெழுத்துக்காக நீட்டினேன். அவள் படித்தாள். முதலில் சிரிப்பு வந்தது அவளுக்கு. என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"இதை யார்கிட்டயாவது காட்டினியா?"

"இல்ல."

அவள் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். ஓரத்தை இரண்டு பக்கமும் பிடித்து, இழு என்றாள். இழுத்தேன், வரவில்லை. பிறகு எதிரெதிர் மூலைகளைப் பிடிக்கச் சொன்னாள். இழுத்தேன். கைக்குட்டை நீண்டது. நடுவில் ஒடுங்கி, ரப்பர் போல நீண்டு, விட்டதும் திரும்பி வந்தது.

"துணியை இந்த மூலைவாட்டத்தில் வைத்து வெட்டினால் அதுக்குப் பேர் பையஸ். என் கவுன் அப்படி வெட்டினது" என்றாள்.

காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி நாலாகக் கிழித்தாள். நான் கைக்குட்டையை விடவில்லை. இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம், தறி ஓடுகிற ஊர். பாவும் ஊடையும் எனக்குப் புதிதில்லை. ஆனால் அங்கே துணி தறியிலிருந்து எப்படி இறங்குகிறதோ அப்படியே உடம்பில் ஏறும், வேட்டியாக, சேலையாக, துண்டாக. கத்தரி வைத்தாலும் நூல் ஓடுகிற வழியில்தான் வைப்பார்கள். பத்து வயதில் நான் ஒரு புதுத் துண்டை மூலைக்கு மூலை வெட்டி வைத்தேன் என்று அப்பா அறைந்தார். நூலை அறுத்துக் குறுக்கே போவது துணியைப் பாழாக்குவது என்பதுதான் எனக்குத் தெரிந்தது. பாவுக்கும் ஊடைக்கும் நடுவே இப்படி ஒரு இளக்கம் இருப்பதை அவ்வளவு தறிகளுக்கு நடுவே வளர்ந்தும் நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து கையில் கிடைத்ததையெல்லாம் இழுத்துப் பார்த்தேன். தலையணை உறை, வீட்டுக்காரர் கைலி, திரைச்சீலை. வனஜா தன் தோழியிடம், "அம்மா பாகல் ஹோ கயி", அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொல்வது கேட்டது.

5

எங்கள் சந்தில் ரவிக்கை தைப்பவள் ரஹ்மத். மேலப்பாளையத்துக்காரி, என் வயதுதான். அவள் வீட்டுக்காரர் சட்டைக் காலர் தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார். இவள் திரைக்குப் பின்னால் ஒரு மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பாள்.

துணியை மூலைவாட்டத்தில் வெட்டி ரவிக்கைக்குக் கை வைக்க வேண்டும் என்றேன். "கிராஸா?" என்றாள். "எங்க வூட்டுல உரேப்னு சொல்லுவாவோ, இந்திக்காரவோ பேச்சு. காலருக்கு ஓரம் அடிக்கத் துண்டு துண்டா வெட்டுவாவோ. கையைப் போயி யாரு புள்ள கிராஸுல வெட்டுவா? துணி ரெட்டையா திங்குமே."

"திங்கட்டும். எனக்குக் கை மேல போகணும்."

"சரி, பாப்போம். ஒரு பழைய துணி கொண்டா."

ஒரு லாங்கிளாத் பாவாடையைக் கொடுத்தேன். அன்றைக்கே வெட்டித் தைத்துக் கொடுத்துவிட்டாள். போட்டுப் பார்த்தேன். கை போனது. சுவரில் இருந்த கடைசிக் கோட்டைத் தாண்டி நாலு விரல் மேலே. தையல் அழுத்தவில்லை. நான் ரஹ்மத்தைக் கட்டிப்பிடித்தேன்.

இரண்டு நாள் அதைப் போட்டுக்கொண்டு அலைந்தேன். முதல் நாளே கை கொஞ்சம் நீளமாகத் தெரிந்தது. இரண்டாம் நாள் முழங்கைக்குக் கீழே இறங்கி, மேல்கையில் குழாய் போல ஒடுங்கிவிட்டது. மூன்றாம் நாள் கையைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும்போது, தாதரில் பெண்கள் பெட்டியில் கூட்டம் ஏறியது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. மேலே கைப்பிடியைப் பிடித்தேன். அக்குளில் பட்டென்று ஒரு சத்தம். துணி கிழியவில்லை, தையல்நூல்தான் அறுந்தது. அறுந்த தையலின் முரட்டு ஓரம் தழும்பில் சிராய்த்தது, ஈரம் இறங்குவது தெரிந்தது. சேலைத் தலைப்பை இழுத்து மூடினேன். பக்கத்தில் நின்ற மராத்திக்காரப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், தன் முதுகைக் கூட்டத்துக்குக் காட்டி எனக்கு முன்னால் நின்றுகொண்டாள். சயான் வரைக்கும் அப்படியே நின்றாள்.

பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதில் ஐந்து நாள் புண் ஆறவே போய்விட்டது. சுவரில் கை முந்தின மாதத்துக் கோட்டுக்கு இறங்கிவிட்டது. இனிமேல் தைக்க மாட்டேன் என்றாள் ரஹ்மத்.

"ஒன் கையைப் பாழாக்கிட்டேனே புள்ள. நான் தொடமாட்டேன். வேற ஆளப் பாரு."

"வேற யாரு இருக்கா? இது ஏன் அறுந்துச்சுன்னு ஒனக்கு மட்டுந்தான் தெரியும்."

அவள் தையல் அறுந்த ரவிக்கைக் கையை மடியில் போட்டுப் பார்த்தாள். தையலைப் பிரித்தாள். துணியை இழுத்தாள், நூலை இழுத்தாள். "துணி நீளுது, நூல் நீளல. அதான் அறுந்துருக்கு" என்றாள் தனக்குள் சொல்வது போல. "நான் இழுத்துப் புடிச்சிக்கிட்டு, நூலைத் தளத்தி ஓட்டிருக்கணும். இன்னொண்ணு, வெட்டுன ஒடனே தச்சது தப்பு. தொங்கவிட்டிருக்கணும். அது எம்புட்டு எறங்குமோ எறங்குன பொறவு அளவு எடுத்திருக்கணும்."

அறுந்த நூலை உருவிப் போட்டுவிட்டு, "இந்தத் துணியும் ஆகாது. மெத்துனு ஒண்ணு வேணும். வாயில் துணி இருக்கா?" என்றாள்.

6

வாயில் துணி இருந்தது. நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்டது. வனஜாவின் பள்ளிக்கூட விழாவுக்கு கவுன் தைக்க அவள் அப்பா தாதரில் அவளையே கூட்டிக்கொண்டு போய் எடுத்தது. அவள் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

அவளிடம் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். கேட்டால் தருவாளோ மாட்டாளோ என்ற பயத்தைவிட, ஏன் வேண்டும் என்று சொல்ல வேண்டி வருமே என்ற பயம்தான் பெரிது. தீ பட்டதிலிருந்து அவளிடம் நான் என் கையைப் பற்றிப் பேசியதே இல்லை. பேசினாலும் எந்த மொழியில் பேசுவது. ஒரு வருஷத்தில் அவள் முழுக்க இந்திக்குப் போயிருந்தாள். ஊர்க் கடிதங்களை நான்தான் படித்துக் காட்ட வேண்டும். நான் தமிழில் கேட்டால் அவள் இந்தியில் பதில் சொல்வாள்.

சாயங்காலம் துணியைத் தேடினாள். நான் சொன்னேன்.

"ஆப்னே பூச்சா க்யோன் நஹி?" என்று கேட்டாள். ஏன் கேட்கவில்லை என்று. அழவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ரஹ்மத் அளவெடுக்க என்னைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தாள். போன தடவை பழைய ரவிக்கையை வைத்துத்தான் அளவெடுத்திருந்தாள். இந்தத் தடவை, "கையக் காட்டு" என்றாள். ஆஸ்பத்திரிக்கு வெளியே அந்தக் கையை நான் யாருக்கும் காட்டியதில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. நூலால் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"ஒண்ணு சொல்லணும் ஒனக்கு" என்றாள். "வாயிலைக் கிராஸுல வெட்டுனா அது ஒடம்போட ஒட்டிக்கிட்டுத்தான் கெடக்கும். தடிப்பு, பள்ளம், எல்லாந் தெரியும். மறைக்காது. ஒனக்கு மறைக்கணும்னா சொல்லு, நேர்த்துணில நல்லாக் கெட்டியா தச்சுத் தாரேன். ஆனா கை மேல போவாது. ரெண்டுல ஒண்ணுதான். யோசிச்சிக்கோ."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் கிராஸ் துணியில் இரண்டும் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கையும் மேலே போகும், யார் கண்ணிலும் படாது என்று. லீனாவின் கவுனை அவ்வளவு நேரம் பார்த்தேனே, அது அவள் உடம்பை அப்படியே காட்டியது, அவளுக்கு மறைக்க ஒன்றும் இல்லை என்பதால் நான் கவனிக்கவில்லை.

"வெட்டு" என்றேன்.

வெட்டிய இரண்டு கைகளையும் அவள் வீட்டுக் கொடியில் கிளிப் போட்டு, ஒவ்வொன்றின் கீழ் ஓரத்திலும் நாலு ஸ்பூன் கட்டித் தொங்கவிட்டாள். மழைக்காலம். மூன்று நாள் அது காய்வதும் ஈரம் குடிப்பதுமாகத் தொங்கியது. கோடுகள் மெல்ல மெல்லச் சாய்வு மாறின. தினமும் போய்ப் பார்ப்பேன். ஒருநாள் போனபோது வனஜா அங்கே உட்கார்ந்திருந்தாள். ஸ்பூன்கள் ஒன்றோடொன்று மோதாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டாள்.

"ஒன் மவ வந்து கேட்டா, ஏன் ஸ்பூன் கட்டிருக்குன்னு" என்றாள் ரஹ்மத். "சொன்னேன், ஒங்கம்மா கை மேல போகணும்ல, அதுக்குன்னு. மிச்சத் துணி இருக்கான்னு கேட்டா. காலருக்கும் ஒரு பாக்கெட்டுக்கும் இருக்குன்னேன். சரி, வெள்ளை கவுன்ல வச்சிக் குடுங்கன்னு தமிழ்ல கேட்டா புள்ள. நல்லாத்தான் பேசுதா."

7

திங்கட்கிழமை, பழைய வெள்ளை ரவிக்கையில் புதுக் கைகள் வைத்துத் தைத்ததைப் போட்டுக்கொண்டு போனேன். ரயிலில் யார் யாரோ பார்த்தார்கள். வாயில் துணி தழும்பின் ஒவ்வொரு வரப்பிலும் படிந்து கிடந்தது. தலைப்பால் மூடிக்கொண்டே போனேன்.

பலகைக்கு முன்னால் உட்கார்ந்ததும் தலைப்பை எடுத்து இடுப்பில் செருகினேன். பின்னால் மானேஜர், டாக்டர், சூப்பரிண்டெண்ட். மூன்று பேரும் பேச்சை நிறுத்தியது தெரிந்தது. உள்ளேயிருந்து லீனாவும் இன்னும் இரண்டு பேரும் அழைப்புகள் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு.

முதல் விளக்கு கீழ்வரிசை. இரண்டாவது நடுவே. மூன்றாவது மேலே. கையை நீட்டினேன். துணி கூடவே வந்தது. எங்கேயும் பிடிக்கவில்லை. பத்து, பதினைந்து என்று போயிற்று. இருபதுக்கு மேல் அக்குளில் உள்தோல் எரிய ஆரம்பித்தது. அதற்குத் துணியைக் குற்றம் சொல்ல முடியாது. ஐந்து நாள் சுவரைத் தொடாமல் விட்டதன் வினை. இருபத்தெட்டாவது அழைப்பு மேல்வரிசையில் வலது கோடி. விரலுக்கும் துளைக்கும் நடுவே அரை அங்குலம் நின்றது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். நாற்காலியிலிருந்து எழக் கூடாது என்பது நிபந்தனை. மூச்சை இழுத்துக்கொண்டு இடுப்பைச் சாய்த்தேன். தோல் வெடிக்கப் போகிறது என்றுதான் நினைத்தேன். வெடிக்கவில்லை. தையல் நீண்டு கொடுத்தது. கம்பி உள்ளே போய்விட்டது.

நாற்பதும் முடிந்தபோது இன்னும் ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடவே மீதி இருந்தது. டாக்டர் என் கையைத் திருப்பிப் பார்த்தார், ரத்தம் இல்லை. மானேஜர் தலையை ஆட்டிவிட்டு டாக்டரோடு போய்விட்டார். சூப்பரிண்டெண்ட் மட்டும் படிவத்தை வைத்துக்கொண்டு நின்றார். அறையில் வேறு யாரும் இல்லை. அன்றுதான் முதல் தடவையாக என்னிடம் தமிழில் பேசினார்.

"தலைப்பைப் போத்திண்டு உக்காந்து பண்ணலாமே. மத்தவா பாக்கறச்சே சங்கடமா இருக்காதோ?"

"போத்துனா கை மேல வராது சார்."

அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். "உங்க மேல எனக்கு ஒண்ணும் கிடையாது. நம்ம மனுஷான்னு சலுகை காட்டினேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்துடப்படாது. இப்போ இருக்கற நிலைமை உங்களுக்கே தெரியும். அதனாலதான்."

"போன வருசம் லீனா கை ஒடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு வந்தாங்களே சார். அவங்களுக்கு என்ன பரீட்சை வச்சீங்க?"

"அவாளுக்கு ஒண்ணும் வைக்கலையே."

"அதைத்தான் சார் சொல்லுதேன்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தார், கொஞ்ச நேரம், கண்ணை எடுக்காமல். பிறகு படிவத்தை மேஜையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "இன்றைக்கே டியூட்டியில் சேர்ந்துகொள்ளலாம்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனார்.

லீனா உள்ளே ஓடி வந்தாள். அதற்குள் நிஜமான விளக்கு ஒன்று எரிந்தது. மேல்வரிசை, வெளியூர் அழைப்பு. ஏற்றுமதிப் பிரிவு வேண்டும் என்றது குரல். லீனா என் தோளைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள். ஏற்றுமதிக்குப் போட வேண்டியதைக் காண்டீனுக்குப் போட்டுவிட்டேன். அந்த மனிதர் அங்கே யாரிடமோ விலை விவரமெல்லாம் சொல்லி, அவர்கள் டீ எத்தனை என்று கேட்டு, அரை நிமிஷம் கழித்து என்னிடம் திரும்பி வந்து கத்தினார். எத்தனை நாளாக இந்த வேலை பார்க்கிறாய், உனக்குக் காது இருக்கிறதா என்று கேட்டார்.

அவ்வளவு சந்தோஷமாக நான் என் வாழ்க்கையில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை.